"அவன் நிக்க முடியாது மிஸ்": ஒரு வகுப்புத் தேர்தலும் ஒரு வாய்க்கால் மனுவும்

பின்னணி

புதுச்சேரி நகரத்தின் வடக்கு ஓரம். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. புதிதாக வருகிறவருக்கு எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது. கடைப் பலகையில் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். புதுச்சேரிப் பக்கத்தில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. 2022–23 கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாகவும் இருந்தேன். மொத்தம் 38 பிள்ளைகள். ஒன்பது பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் நடந்தும் வருகிறவர்கள். ஒரு பையன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளை.

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் பலர். இன்றும் ஊரில் 'சொல்தா வீடு' என்றால் எல்லாருக்கும் புரியும். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வழிவழியாகப் பிரெஞ்சுக் குடிமக்கள். பேச்சு தமிழ், சாப்பாடு நம் சாப்பாடு, கும்பிடும் சாமியும் பெரும்பாலும் நம் சாமிதான். பாஸ்போர்ட் மட்டும் வேறு. 2022 ஏப்ரலில் பிரான்ஸின் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது அவர்கள் இங்கிருந்தே வாக்களித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பின் பெரும்பகுதியையும் கொரோனா காலத்தில் வீட்டில் கழித்தவர்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்த பழக்கமே அவர்களுக்கு இல்லை. வகுப்புத் தலைவர் தேர்தல் என்ற ஒன்றை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

பிள்ளைகள், பெற்றோர், பள்ளி ஆகியோரின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். அந்தப் பையனின் பாட்டியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஜூலை: பெயர் எழுதாத சீட்டுகள்

எட்டாம் வகுப்புக் குடிமையியலில் குடிமக்களும் குடியுரிமையும் ஒரு பாடம். பாடத்தைத் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "குடிமகன் என்றால் யார்? குடிமகனின் கடமை என்ன? பெயர் எழுத வேண்டாம், தோன்றியதை எழுதுங்கள்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் சிரிப்பு. 'குடிமகன்' என்ற சொல் இன்று தெருவில் என்ன பொருளில் புழங்குகிறது என்பது நமக்குத் தெரியும். திரும்பின பக்கமெல்லாம் ஒயின் ஷாப் இருக்கும் ஊரில் வளரும் பிள்ளைகள் இவர்கள். ஒருவன் தள்ளாடி நடப்பது போல உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக்காட்டினான். மொத்த வகுப்பும் சிரித்தது. இரண்டாவது வரிசையில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா எப்படி இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். அன்றிலிருந்து வகுப்பில் 'குடிமக்கள்' என்ற பன்மையையே பயன்படுத்தி வருகிறேன். சின்ன மாற்றம்தான், ஆனால் சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

சீட்டுகளில் பாதிக்கு மேல் ஆதார் அட்டையைப் பற்றி இருந்தன. "ஆதார் இருக்கவங்க", "ஆதாரும் ரேஷன் கார்டும் இருக்கவங்க", ஒன்றில் "கார்டு எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்". ஆதார் அடையாளத்துக்கான சான்று, குடியுரிமைக்கான சான்று இல்லை என்று அந்த அட்டையை வழங்கும் ஆணையமே சொல்கிறது. ஆனால் பிள்ளைகள் பார்த்திருப்பது என்ன? வங்கியில், ஆஸ்பத்திரியில், பள்ளிச் சேர்க்கையில் அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டும் அட்டை அது. குடியுரிமை என்பது பீரோவில் பூட்டி வைக்கும் பொருள் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

கடமை பற்றிய பதில்கள் அச்சடித்தது போல ஒன்றாக இருந்தன. குப்பையைத் தொட்டியில் போட வேண்டும், தேசிய கீதம் பாடும்போது நேராக நிற்க வேண்டும், பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். 'கேள்வி கேட்க வேண்டும்' என்று ஒரு சீட்டில்கூட இல்லை. அரசமைப்பின் 51ஏ பிரிவில் 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில், ஆராயும் மனப்பான்மையை வளர்ப்பதும் ஒன்று. சுவரில் தொங்கும் கடமைப் பட்டியலில் பிள்ளைகளின் கண்ணுக்குப் படுவதெல்லாம் அடங்கி நடப்பதைச் சொல்லும் வரிகள் மட்டும்தான்.

தேர்தல் நாள்

அடுத்த வாரம் வகுப்புத் தலைவர் தேர்தல். யாருடைய பெயரை வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்றேன். நான்கு பெயர்கள் வந்தன. மூன்றாவது, பிரெஞ்சுக் குடும்பத்துப் பையனின் பெயர். அமைதியான பிள்ளை. கால்பந்தாட்டத்தில் சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பவன். கரும்பலகையில் அவன் பெயரை எழுதி முடிக்கவில்லை, பின்னாலிருந்து குரல்.

"மிஸ், அவன் நிக்க முடியாது. அவன் இந்தியாவே இல்ல. அவங்க அப்பா பிரான்ஸ் எலெக்‌ஷன்லதான் ஓட்டு போட்டாரு."

சொன்னவன் வம்புக்குச் சொல்லவில்லை. முந்தின நாள்தான் பாடத்தில், தேர்தலில் நிற்க இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று நான் நடத்தியிருந்தேன். படித்ததை உடனே பொருத்திப் பார்த்திருக்கிறான். நான் அப்போது சொன்ன பதில் இது: "ஆமாப்பா, சட்டப்படி அவன் பிரெஞ்சுக் குடிமகன்தான். ஆனா இது நாட்டுத் தேர்தல் இல்ல, வகுப்புத் தேர்தல்தானே."

இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. முதல் வாக்கியம் விழுந்தது. அதுவரை ஊர்ப்பேச்சாக இருந்ததை, கையில் சாக்பீஸோடு நின்ற ஆசிரியை உறுதிப்படுத்திவிட்டாள். பையன் எழுந்து, "நான் நிக்கல மிஸ், பேரை அழிச்சிடுங்க" என்றான். அதற்குள் இன்னொரு குரல், "அப்ப கோட்டக்குப்பம் பசங்களும் நிக்கக் கூடாது, அவங்க தமிழ்நாடு." அந்தப் பக்கத்திலிருந்து, "நாங்க இந்தியாடா!" "இது பாண்டிச்சேரி ஸ்கூலு!" ஐந்து நிமிடத்தில் வகுப்பு மூன்று துண்டானது. ஜெனீவா நகரச் சிறுவர்களிடம் உளவியலாளர் ழான் பியாஜே 1951இல் கண்டு எழுதியது நினைவுக்கு வந்தது. ஒரே ஆள் ஜெனீவாக்காரராகவும் ஸ்விஸ்காரராகவும் இருக்க முடியும் என்பதைச் சின்னப் பிள்ளைகளால் ஏற்க முடியவில்லை. அவர் சொன்னது இவர்களைவிடச் சிறிய பிள்ளைகளைப் பற்றி. ஆனால் எதையாவது பங்கு போடும் நேரம் வந்தால், பதின்மூன்று வயதிலும் அந்தப் புத்தி திரும்பி வருகிறது என்று எனக்குப் பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்று வாக்கெடுப்பை நிறுத்தினேன். தலைமை ஆசிரியையிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "முதல்ல அந்த வீட்டுல பேசு, அப்புறம் வகுப்பைப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் மாலை பையனை அழைத்துப்போக அவன் பாட்டி வந்தார். மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க மாமனாரு சொல்தா. இந்தோசீனாவுல இருந்தவரு. அறுவத்திரண்டுல எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, எழுதிக் குடுத்தாரு. பென்ஷன் நின்னுடுமோன்னு பயம். நான் பிரான்ஸ பாத்ததே இல்ல டீச்சர். இந்தத் தெருவுக்கு மருமவளா வந்தேன், இங்கயேதான் இருக்கேன்."

அப்புறம் ஒன்று கேட்டார். "அவன் எந்த நாடுன்னு இனிமே வகுப்புல பேச வேணாம்மா. சரித்திரத்தச் சொல்லிக்குடு. எம் பேரன வெச்சுச் சொல்லாத."

அந்த ஒரு வரியை வைத்துத்தான் அடுத்த மூன்று வாரப் பாடத்தைத் திட்டமிட்டேன். வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையின் குடும்பமும் உதாரணமாக வரக்கூடாது. அதே நேரம் விஷயத்தை மூடி மறைக்கவும் கூடாது. மறைத்தால் அது கிசுகிசுவாகத்தான் உயிரோடு இருக்கும்.

முதலில் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். பிறப்பால், வழிமரபால், பதிவு செய்வதால், இயல்புரிமையால், நிலப்பகுதி இணைவதால் என ஐந்து வழிகள். ஐந்தாவது வழிக்கு நம் ஊரே உதாரணம் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அப்ப எங்க தாத்தா பொறக்கும்போது இந்தியா இல்லையா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய தாத்தாவும் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தார். 'அவன் வேற' என்ற பேச்சின் வேகம் அந்த இடத்தில் கொஞ்சம் தணிந்தது.

அடுத்து, புதுச்சேரியில் உள்ள கீழூர் என்ற கிராமம். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்திருந்த பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு) கவுன்சிலர்களும். இதை நான் வேகமாகக் கடந்துபோக இருந்தேன். ஒரு பையன் விடவில்லை. "கவுன்சிலருங்க ஓட்டு போட்டுதான் நம்ம ஊரு இந்தியாவுல சேந்துச்சா? கவுன்சிலர்னா யாரு மிஸ்?" அந்தக் கேள்வி பிறகு பெரிதாக வளர்ந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவதாக, அரசமைப்பைக் கையில் கொடுத்து, எங்கே 'குடிமக்கள்' என்று இருக்கிறது, எங்கே 'எந்த ஒரு நபருக்கும்' என்று இருக்கிறது என்று தேடச் சொன்னேன். சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆம் பிரிவும், உயிரையும் தனிப்பட்ட சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவும் எல்லா நபர்களுக்கும் உரியவை. பேச்சுரிமையைச் சொல்லும் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். 21ஏ, ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள 'எல்லாக் குழந்தைகளுக்கும்' கல்வி என்கிறது. 'இந்தியக் குழந்தைகள்' என்று அங்கே இல்லை. பென்சிலால் அடிக்கோடு போட்டு அதை அவர்களே கண்டுபிடித்தார்கள். என் பேச்சைவிட அந்தப் பென்சில் கோடு நன்றாக வேலை செய்தது என்பேன்.

கடைசியாகத் தேர்தல் விதி. யார் நிற்கலாம், யார் வாக்களிக்கலாம் என்பதை வகுப்பே எழுதியது. ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு வந்த வரி: "இந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள எல்லாரும்." ஆகஸ்ட் முதல் வாரத்தில் வாக்கெடுப்பு நடந்தது. அந்தப் பையனின் பெயரை மறுபடியும் இருவர் முன்மொழிந்தார்கள். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. கோட்டக்குப்பத்துச் சிறுமி ஒருத்தி தலைவியானாள்.

வாய்க்கால்

பள்ளியின் பின்வாசலை ஒட்டி ஒரு சைடு வாய்க்கால் ஓடுகிறது. மூன்று சிலாப் உடைந்து, ஒன்று உள்ளேயே சரிந்து கிடந்தது. அதன்மேல் பால் பாக்கெட்டும் தெர்மாகோலும் இளநீர் மட்டையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் கருப்புத் தண்ணீர் மேலேறி வாசல் வரை வரும். சிறிய வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கித்தான் கடக்க வைக்க வேண்டும்.

சுதந்திர தினத்தையொட்டி, குடிமைக் கடமையாக அந்த இடத்தைச் சுத்தம் செய்யலாம் என்று யோசனை சொன்னேன். கையுறை வாங்கிக் கொடுத்து, வாய்க்காலில் இறங்காமல் வெளியே கிடந்த குப்பையை மட்டும் அள்ளினோம். பிள்ளைகள் உற்சாகமாகத்தான் செய்தார்கள். நான்காம் நாள் இடம் பழையபடி ஆனது.

அடுத்த வகுப்பில் ஒரு பையன் நேராகவே கேட்டான். "நாம ஏன் மிஸ் அள்ளணும்? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கல்ல?"

நான் வாயைத் திறக்கும் முன் ஒரு சிறுமி எழுந்தாள். அவள் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். "எங்கம்மாதான் அந்த ஆளு. விடியக்காலம் நாலரைக்குப் போவாங்க. கைல பீங்கான் குத்தி ரெண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தாங்க. யாரு போட்டாங்கன்னு கேக்கவே இல்ல யாரும்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் சத்தமே இல்லை. கேட்ட பையன் காது சிவந்து குனிந்திருந்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பையனின் கேள்வியில் பாதி சரி, பாதி தப்பு. குப்பை அள்ள ஒரு சாதி, ஒரு தெரு இருக்கிறது என்ற பழைய நினைப்பு அதில் ஒளிந்திருந்தது. அதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். ஆனால் சிலாப்பை மாற்றுவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் பிள்ளைகளின் வேலை இல்லை என்பதும் அதே கேள்விக்குள் இருந்தது. நாம் பள்ளிகளில் குடிமைப் பொறுப்பு என்று சொல்லித் துடைப்பத்தையே பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். செய்ய வேண்டியவரைச் செய்யச் சொல்லிக் கேட்பதும் பொறுப்புதான் என்று சொல்வதில்லை. நானும் அதுவரை சொன்னதில்லை.

சரி, யாரிடம் கேட்பது? கோட்டக்குப்பத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் "கவுன்சிலர்கிட்ட" என்றார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி போனதும், பெட்டிக்கடையில் துண்டறிக்கை கொடுத்ததும், ஜெயித்தவர் வீடு எந்தச் சந்தில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். "எங்க தெருவுல லைட்டு எரியலன்னா அவங்க வீட்டுக்கே போயிடுவோம் மிஸ்" என்றாள் தலைவி.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே புதிது. அதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006இல். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. இந்த வகுப்பு நடந்த காலம் வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த நாளில் அவர்கள் வார்டுக்குக் கவுன்சிலர் இருந்ததே இல்லை. "எம்.எல்.ஏ.கிட்ட சொல்லணும்" என்றார்கள் சிலர். "கலெக்டர்" என்றான் ஒருவன். "யாருகிட்ட சொன்னாலும் ஒண்ணும் நடக்காது" என்றாள் ஒருத்தி, சலிப்பே இல்லாமல், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதைச் சொல்வது போல. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகள். வீடுகளுக்கு இடையே அரை கிலோமீட்டர். ஒருத்திக்குக் குறை சொல்ல ஒரு வாசற்படி இருக்கிறது, பக்கத்தில் இருப்பவளுக்கு இல்லை. புத்தகத்தில் உள்ளாட்சிப் பாடம் இருவருக்கும் ஒன்றுதான். கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை இருவருக்கும் ஒன்றாக இல்லை.

கீழூரைப் பற்றிக் கேட்ட பையன் மறுபடி எழுந்தான். "178 கவுன்சிலருங்க இருந்த ஊருல இப்ப ஒருத்தர்கூட இல்லையா?" சபை உறுப்பினர்களையும் சேர்த்துத்தான் 178 என்று திருத்தினேன். அவன் கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்திருந்தது.

மனு

செப்டம்பரில் மனு எழுதினார்கள். மூன்று வரைவுகள். முதல் வரைவு "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கருணை கூர்ந்து" என்று ஒரு பக்கம் ஓடியது. விஷயம் கடைசி வரியில்தான் வந்தது. இரண்டாவதில் அளவுகள் சேர்ந்தன. பிள்ளைகள் டேப் வைத்து அளந்தார்கள். சிலாப் உடைந்த இடம் பின்வாசலிலிருந்து ஏழு அடி, திறந்து கிடக்கும் நீளம் ஒன்பதரை அடி. மூன்றாவதில் கேட்பது என்ன, எதற்குள் வேண்டும் என்று வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேண்டும் என்று எழுதச் சொன்னது தலைவி.

கையெழுத்துப் போடும்போது பழைய கேள்வி திரும்பி வந்தது. ஒருவன், இந்த முறை மெதுவான குரலில், "எல்லாரும் போடலாமா மிஸ்?" என்றான். யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. ஆனால் இது சாதாரண மனு. இதை யாரும் கொடுக்கலாம். இதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். பதிலுக்கு, "இந்த வாசல் வழியா தினமும் வர்றவங்க எல்லாரும் போடுங்க" என்று மட்டும் சொன்னேன். 38 கையெழுத்தும் விழுந்தன. அந்தப் பையனின் கையெழுத்து எந்த வரிசையில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

மொத்த வகுப்பையும் ஊர்வலமாக அழைத்துப்போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெற்றோர் ஒருவர் தனக்குத் தெரிந்த செய்தியாளரை வரச் சொல்வதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். படம் வந்தால் வேலை சீக்கிரம் நடந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளப் போவது, கேமரா இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பதை. அதோடு இந்த வகுப்பில் உள்ள பிள்ளைகளின் முகம் வெளியே போவது சரியில்லை என்றும் நினைத்தேன். ஐந்து பிள்ளைகள், தலைமை ஆசிரியை, தூய்மைப் பணியாளரான அந்த அம்மா ஆகியோர் மட்டும் போனார்கள். அந்த அம்மாவை அழைத்தது தலைமை ஆசிரியையின் யோசனை. எந்த வேலை எந்த அலுவலகத்தில் என்று எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருந்தது.

முதல் அலுவலகத்தில், குப்பைதான் எங்கள் பொறுப்பு, சிலாப் எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அந்த வட்ட முத்திரையை வகுப்பில் கைமாற்றி, கைமாற்றிப் பார்த்தார்கள். விளிம்பில் மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. ஒருத்தி அதை விரலால் தொட்டுவிட்டு, "தேதியும் போட்டிருக்காங்க" என்றாள்.

நடந்தது

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று, பிறகு இன்னொன்று. அக்டோபர் கடைசியில் ஒரு காலை நேரத்தில் ஆட்கள் வந்து வாய்க்காலைத் தூர்வாரினார்கள். அள்ளிய சேறு இரண்டு நாள் வாசலிலேயே கிடந்து நாறியது. அதற்கும் ஒரு கடிதம் போனது. சிலாப் இரண்டு புதிதாகப் போட்டார்கள். உள்ளே சரிந்ததை எடுக்கவில்லை. மழையில் தண்ணீர் வாசல் வரை வரவில்லை, ஆனால் தெருமுனையில் தேங்கியது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளும் சொல்லவில்லை. "பாதி மார்க்" என்றான் ஒருவன்.

குப்பை கொட்டுகிறவர்கள் யார் என்று பிள்ளைகளே கவனித்து வைத்திருந்தார்கள். அதில் வகுப்பில் உள்ள ஒருவனின் வீடும் இருந்தது. அவன் தன் அம்மாவிடம் பேசியதாகச் சொன்னான். பேசினானா, பலன் இருந்ததா என்று நான் துருவவில்லை.

மார்ச்சில் மறுபடி சீட்டு கொடுத்தேன், அதே கேள்விகள். ஆதார் இன்னும் இருந்தது, குறைவாக. "கேக்கறவங்க", "கேட்டுட்டு மறுபடியும் போய் கேக்கறவங்க" என்று சில சீட்டுகள். "ஓட்டு போட ஆள் இருக்கணும், ஓட்டு வாங்கவும் ஆள் இருக்கணும்" என்று ஒன்று. "எழுதி நகல் வெச்சிக்கணும்" என்று கடமைக்குக் கீழே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். சீட்டு எழுதும்போது அந்தப் பையன் கையைத் தூக்கி, "ரெண்டு எழுதலாமா மிஸ்?" என்று கேட்டான். எழுதலாம் என்றேன். பெயர் இல்லாததால் எது அவனுடையது என்று தெரியாது.

கிண்டல் அடியோடு நின்றுவிடவில்லை. பிப்ரவரியில் மைதானத்தில், "போய் பிரான்ஸ்ல கேளு" என்று ஒருவன் கத்துவதை என் காதாலேயே கேட்டேன். அதற்கு மூன்று பிள்ளைகள் அவனோடு சண்டைக்குப் போனார்கள். ஜூலையில் அப்படி ஒருவரும் போகவில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது

ஒரு பிள்ளையின் குடியுரிமை, சாதி, மதம், வீட்டுக் கஷ்டம் எதையும் வகுப்பில் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ நான் உறுதிப்படுத்த மாட்டேன். அது உண்மையாக இருந்தாலும் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஜூலையில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "இந்த வகுப்புல யார் நிக்கலாம்னு நாம இன்னும் முடிவு பண்ணவே இல்லையே, முதல்ல அதைப் பேசுவோம்" என்பதுதான். விதியைத் தேர்தலுக்கு முன் எழுதியிருந்தால் அந்தப் பெயர் கரும்பலகையிலிருந்து அழிந்திருக்காது. அவன் கடைசி வரை நிற்கவில்லை என்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

துடைப்பத்தில் தொடங்க மாட்டேன். முதலில் யாருடைய வேலை என்று கண்டுபிடிப்பது, பிறகு மனு, அதற்குப் பிறகும் நாம் செய்ய ஏதாவது மிச்சம் இருந்தால் அதைச் செய்வது. தூய்மைப் பணியாளர் ஒருவரை, வகுப்புக்கு வந்து தன் வேலையைப் பற்றிப் பேச முன்கூட்டியே அழைப்பேன். அந்தச் சிறுமி தன் அம்மாவுக்காக எழுந்து நின்று பேச வேண்டிய நிலைமையை நான்தான் உண்டாக்கினேன். அவள் தைரியமாகப் பேசினாள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

மனுவை செப்டம்பரில் கொடுத்தது தாமதம். பள்ளி திறந்ததும் எழுதினால்தான் மழைக்கு முன் இரண்டு நினைவூட்டுக்கு நேரம் இருக்கும்.

முத்திரை போட்ட நகலையும் கடிதங்களின் நகல்களையும் ஒரு கோப்பில் போட்டு வகுப்பு அலமாரியில் வைத்திருந்தோம். ஆண்டு முடிந்தபோது, தலைவி அதை எடுத்து, ஏழாம் வகுப்பிலிருந்து வரப்போகும் பிள்ளைகளுக்கு முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்: "உள்ள விழுந்த சிலாப் இன்னும் எடுக்கல. ரெண்டாவது ஆபீஸ்ல கேக்கணும், மொத ஆபீஸ் இல்ல."